மக்காவின் வீதிகளில் இப்னு பதூதா

கள்ளக்குறிச்சியிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரை வழியனுப்பும் நாள் வந்துவிட்டால், அந்தத் தெருவே திரண்டு வந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளிவாசலில் துஆ ஓதுவார்கள். மாலை போடுவார்கள். உற்றார் உறவினர் கண் கலங்கக் கைகொடுத்து, தங்களுக்காகவும் அங்கே துஆச் செய்யும்படி வேண்டிக்கொள்வார்கள். பிறகு வண்டி சென்னைக்குப் புறப்படும். அங்கிருந்து விமானம் ஏறினால் ஆறு மணி நேரத்துக்குள் ஜித்தா. 1995ஆம் ஆண்டு வரை பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் போய் வந்த பெரியவர்களுக்குக் கடல் நாட்கள் பல. அதற்கும் முந்தியவர்களுக்கோ மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்.

திரும்பி வந்த ஹாஜிமாரைக் காணச் செல்கிறோம். ஸம்ஸம் நீரும் பேரீச்சம் பழமும் தருகிறார்கள். மக்காவில் என்ன கண்டீர்கள் என்று கேட்கிறோம். தங்கிய விடுதி எத்தனை மாடி, ஹரமுக்கு எவ்வளவு தூரம், கூட்டம் எப்படி, கடைகளில் என்ன விலை என்று விவரமாகச் சொல்கிறார்கள். இவையெல்லாம் சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் இதே கேள்விக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஹாஜி சொன்ன விடை நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அவர்தாம் உலகம் சுற்றிய பயணி என்று எல்லோரும் அறிந்த இப்னு பதூதா (ரஹ்) அவர்கள். உலகம் சுற்றவேண்டும் என்று அவர் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. ஹஜ்ஜுச் செய்யவே கிளம்பினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

தனியே புறப்பட்ட இளைஞர்

மொராக்கோ நாட்டின் வட கோடியிலுள்ள தான்ஜியர் துறைமுகத்தில் ஹி.703, கி.பி.1304இல் இப்னு பதூதா பிறந்தார். அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்பது அவரது பெயர். காழிகளைத் தந்த குடும்பம் அவருடையது. அவரும் மாலிக்கி மத்ஹபின் சட்டக் கல்வியைக் கற்றார்.

ஹி.725, ரஜப் பிறை 2, வியாழக்கிழமை. கி.பி. கணக்கில் 1325 ஜூன் 14. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. தாயும் தந்தையும் உயிரோடிருந்தார்கள். அவர்களைப் பிரிவது மூவருக்குமே பெரும் துயரமாக இருந்தது. துணைக்கு ஒரு தோழரில்லை. சேர்ந்து செல்ல ஒரு கூட்டமுமில்லை. கஅபாவைக் காணவேண்டும், கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் ரவ்ழாவை ஜியாரத் செய்யவேண்டும் என்ற ஆசை ஒன்றே அவரை நடத்திச் சென்றது.

வட ஆப்பிரிக்காவின் பாதை எளிதானதல்ல. பிஜாயா நகரில் கடும் காய்ச்சல் கண்டது. குணமாகும்வரை தங்கிவிடும்படி உடன் வந்தவர் ஒருவர் சொல்லியும் அவர் இசையவில்லை. மரணம் விதிக்கப்பட்டிருந்தால் ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே அது வரட்டும் என்று துணிந்துவிட்டார். விரைந்து செல்வதற்காகத் தம் வாகனப் பிராணியையும் கனமான சாமான்களையும் விற்றுவிட்டு, தோழர் இரவல் தந்த பிராணியின் மீது சென்றார். காய்ச்சலின் வேகத்தில் கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

கான்ஸ்டன்டைன் நகருக்கு வெளியே கூடாரம் அடித்திருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. ஆடைகள் சேறாயின. அதைக் கண்ட ஊர் அதிகாரி அவற்றைத் தம் வீட்டில் வெளுக்கச் செய்து, நைந்துபோன துணிக்குப் பதில் உயர்ந்த புதுத் துணி ஒன்றும் தந்தார். அதன் ஒரு முனையில் இரண்டு பொற்காசுகள் முடியப்பட்டிருந்தன. பயணத்தில் அவர் பெற்ற முதல் உதவி அது.

துனிஸ் நகரை அடைந்ததும், கூட்டத்தில் வந்த ஒவ்வொருவரையும் வரவேற்க ஆட்கள் வந்தார்கள். ஸலாம் சொல்லி அணைத்து அழைத்துச் சென்றார்கள். இவரை அறிந்தவர் அங்கே ஒருவருமில்லை. அந்தத் தனிமை தாங்காமல் இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஹாஜி ஒருவர் நெருங்கி வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் சேரும்வரை இன்சொல் பேசி உடன் வந்தார். அந்தப் பெரியவரின் கனிவை இப்னு பதூதா கடைசிவரை மறக்கவில்லை. துனிஸை விட்டுப் புறப்பட்ட ஹஜ் கூட்டத்துக்கு அவரையே காழியாக நியமித்தார்கள். அன்று அழுத இளைஞர் பிறருடைய வழக்குகளைத் தீர்ப்பவராக அங்கிருந்து கிளம்பினார்.

1326 ஏப்ரலில் அலெக்சாந்திரியா வந்து சேர்ந்தார். பிறகு கெய்ரோ. நைல் நதியோரமாகத் தெற்கே சென்று செங்கடலின் அய்தாப் துறையில் கப்பலேற எண்ணினார். அங்கே சண்டை மூண்டு கப்பல்கள் அழிக்கப்பட்டிருந்ததால் வந்த வழியே திரும்ப நேர்ந்தது. மனம் தளராமல் பைத்துல் முகத்தஸ் சென்று தொழுது, ரமலான் பிறை 9இல் டமாஸ்கஸை அடைந்தார். ஷவ்வால் முதல் நாளில் அங்கிருந்து புறப்பட்ட பெரிய ஹஜ் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

தண்ணீரும் அமானிதமும்

டமாஸ்கஸுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட பாலைவனத்தைப் பற்றி அவர் சொல்லும் செய்திகளில் இரண்டு நம் உள்ளத்தில் பதிகின்றன.

தபூக்கைத் தாண்டி ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ஓர் ஆண்டு அங்கே அனல்காற்று வீசி, ஹாஜிகள் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் வற்றிவிட்டது. ஒரு மிடறு தண்ணீரின் விலை ஆயிரம் தீனாராக ஏறியது. முடிவில் வாங்கியவனும் மாண்டான், விற்றவனும் மாண்டான். அந்தச் செய்தியைப் பாறையில் பொறித்து வைத்திருந்தார்கள். ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியில், எவ்வளவு தாகமானாலும் அங்குள்ள கிணற்று நீரை ஹாஜிகள் தொடவில்லை. தபூக் போரின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததை நினைவில் கொண்டு கடந்து சென்றார்கள்.

அடுத்தது அல்-உலா என்ற ஊர். பேரீச்சந் தோப்பும் ஊற்று நீரும் உள்ள அந்த ஊரில் ஹாஜிகள் நான்கு நாட்கள் தங்கித் துணி துவைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று, அதிகப்படியான உணவுப் பொருள்களை ஊராரிடமே ஒப்படைத்துச் சென்றார்கள். அவ்வூரார் அமானிதம் காப்பவர்கள் என்று பெயர் பெற்றிருந்தார்கள். பாலைவனத்தில் உணவைப் பிறர் கையில் விட்டுச் செல்வது உயிரையே விட்டுச் செல்வது போன்றதல்லவா?

மதீனா முனவ்வராவில் நான்கு இரவுகள் தங்கினார். இரவெல்லாம் மஸ்ஜிதுந் நபவியில் விளக்கேற்றி, வட்டம் வட்டமாக அமர்ந்து குர்ஆன் ஓதுவோர் ஒருபுறம், திக்ரு செய்வோர் ஒருபுறம், ரவ்ழாவின் முன் நின்றிருப்போர் ஒருபுறம். பிறகு துல்ஹுலைஃபாவில் குளித்துத் தைத்த ஆடை களைந்து இஹ்ராம் அணிந்தார். மலையிலும் பள்ளத்திலும் தல்பிய்யா முழங்க, ஒரு காலை நேரத்தில் திருமக்காவுக்குள் நுழைந்தார். தான்ஜியரை விட்டு ஏறத்தாழ பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன.

நேரே ஹரம் ஷரீபுக்குச் சென்று தவாபு செய்தார். மகாமு இப்றாஹீமில் தொழுதார். கஅபாவின் வாசலுக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் இடையே திரைச்சீலையைப் பற்றிக்கொண்டு துஆச் செய்தார். ஸம்ஸம் அருந்தினார். ஸஃபா மர்வாவுக்கிடையே ஓடினார். அதன் பிறகே இப்றாஹீம் வாசலருகே ஒரு வீட்டில் தங்க இடம் பிடித்தார்.

கூடை சுமந்த யதீம்கள்

இனி அவர் ஊரைச் சுற்றிப் பார்த்த விதத்தைக் கவனிப்போம்.

ஹரமின் அளவு, தூண்கள், வாசல்கள், அபூகுபைஸ் மலை, ஹிரா, தவ்ர் குகைகள், ஜன்னத்துல் முஅல்லா ஆகிய அனைத்தும் அவருடைய பயண நூலில் உண்டு. அந்த வருணனைகளில் பலவும், அவருக்கு முன் 1183இல் மக்கா வந்த இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியுள்ளார்கள். கட்டிடங்களைப் பற்றி முன்னவர் எழுதியதே போதுமென்று கருதினார்கள் போலும். அந்நகரத்து மக்களைப் பற்றி அவர் சொல்வதே நமக்குப் பெரிது.

அந்நாளில் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே பெரிய சந்தை கூடும். தானியம், இறைச்சி, நெய், பேரீச்சம் பழம், கனிகள் எல்லாம் அங்கேதான். ஸஃயு செய்பவர்கள் வாங்குவோர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதே சிரமம். அந்தச் சந்தையில் யதீம் சிறுவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இரண்டு கூடைகள். ஊரார் ஒருவர் வந்து தானியம், இறைச்சி, காய்கறி வாங்குவார். தானியத்தை ஒரு கூடையிலும் இறைச்சியையும் காயையும் மற்றொன்றிலும் போட்டுச் சிறுவனிடம் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கவோ, தவாபு செய்யவோ போய்விடுவார். சிறுவன் அவற்றை அவர் வீட்டில் சேர்த்துவிடுவான். அவர் வீடு திரும்பும்போது சமையல் ஆகியிருக்கும். எந்தச் சிறுவனும் ஒரு பொருளையேனும் எடுத்துக்கொண்டான் என்ற பேச்சே எழுந்ததில்லை. கூலி சில செப்புக் காசுகள்.

எண்ணிப் பாருங்கள். தந்தையில்லாத பிள்ளை, பசித்த வயிறு, கூடை நிறைய உணவு, கண்காணிக்க ஆளில்லை. அந்தப் பிள்ளை நம்பப்பட்டான், நம்பிக்கையைக் காத்தான். அவனை நம்பியவரோ நிம்மதியாகத் தவாபு செய்தார். ஒரு மனிதரின் தவாபு ஒரு யதீமின் நேர்மையின் மேல் நின்றது என்பதை இப்னு பதூதா கண்டு எழுதி வைத்தார்.

ரொட்டி சுடும் அடுப்புகளின் அருகே மிஸ்கீன்கள் காத்திருப்பார்கள். ரொட்டி சுட்டு எடுத்துச் செல்பவரைப் பின்தொடர்வார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பங்கு தருவார். யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒரே ரொட்டிதான் இருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுவார். வீட்டில் விருந்து வைப்பவர் முதலில் ஹரமில் தங்கியிருக்கும் ஏழைகளை அன்போடு அழைத்து உணவளித்துவிட்டே மற்றவர்களைக் கவனிப்பார்.

அவ்வூரார் நாளுக்கு ஒரு முறை, அஸருக்குப் பிறகே உண்பார்கள். இடையில் பசித்தால் பேரீச்சம் பழம். அதனாலேயே அவர்களிடம் நோய் குறைவு என்பது அவர் கருத்து. வெள்ளை ஆடையும் நறுமணமும் பச்சை மிஸ்வாக்கும் அவர்களுக்குப் பிரியம். வெள்ளிக்கிழமை இரவில் தவாபுக்கு வரும் பெண்களில் சிலர், உணவைக் குறைத்துக்கொண்டு அந்தக் காசில் நறுமணம் வாங்கிப் பூசி வருவார்கள்.

குறைபாட்டையும் அவர் மறைக்கவில்லை. அந்நாளில் ஹரமில் நான்கு மத்ஹபுக்கும் நான்கு இமாம்கள் தனித்தனியே தொழவைத்தார்கள். மஃரிபின் நேரம் குறுகியதாதலால் நால்வரும் ஒரே நேரத்தில் தொழவைக்க, ஓர் இமாமின் தக்பீரைக் கேட்டு மற்றோர் இமாமின் பின்னால் நின்றவர் ருகூஃ செய்துவிடும் குழப்பம் நேர்ந்தது. இன்று எல்லோரும் ஒரே இமாமின் பின் தொழுவதைக் காணும்போது, அந்தக் குழப்பம் நீங்கியதற்கு அல்லாஹ்வைப் புகழ்கிறோம்.

ஹஜ்ஜை முடித்தபின் அவர் ஊர் திரும்பவில்லை. துல்ஹஜ் பிறை 20இல் ஈராக் கூட்டத்தோடு புறப்பட்டார். அவருக்கு ஒட்டகச் சிவிகையில் இடம் கிடைத்தது. கால்நடையாக வந்த ஏழைகளும் அக்கூட்டத்தில் ஏராளம். அவர்களுக்காகவே தண்ணீர் சுமக்கும் ஒட்டகங்களும், நடக்கமுடியாமல் போனவர்களை ஏற்றிச்செல்லத் தனி ஒட்டகங்களும், நோயாளிகளுக்கு மருந்தும் உடன் வந்தன. மறு ஆண்டே மக்காவுக்கு மீண்டு வந்து அங்கே நீண்ட காலம் தங்கினார்.

நம் நாட்டில் அவருக்கு வந்த சோதனை

1333இல் சிந்து நதியைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக்கினார். 1342இல் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் உடைந்து அந்தத் தூது சிதறியது. மாலத்தீவில் சில காலம் காழியாக இருந்துவிட்டு, 1344இல் இலங்கை சென்றார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது, பாவா ஆதம் மலையைக் காண வழி ஒன்றையே கேட்டார். மன்னர் தந்த துணையில் யோகிகளும் பிராமணர்களும் இருந்தார்கள். காட்டு வழியில் அட்டைகள் மேலே விழும்; அவற்றை உதிர்க்க எலுமிச்சம் பழத்தைக் கையில் வைத்திருப்பார்கள். உச்சிக்கு இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறவேண்டும். நம் கல்வராயன் மலையில் நடந்து பழகியவர்களுக்கு அந்தச் சிரமம் ஓரளவு விளங்கும். ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு உள்ளதாக நம்பப்படும் அவ்விடத்தை மூன்று நாட்கள் தரிசித்து இறங்கினார்.

அங்கிருந்து அரபியர் மஃபர் என்றழைத்த நம் தமிழகக் கரைக்கு வந்தார். வரும் வழியில் கப்பல் உடைந்து உயிர் தப்பியதே பெரிது. மதுரையைத் தலைநகராகக் கொண்டு அப்போது ஆண்டவன் கியாஸுத்தீன் தாமகானி. இப்னு பதூதாவின் தில்லி மனைவியும் இவனுடைய மனைவியும் சகோதரிகள். அந்த உறவால் அவருக்கு மரியாதை கிடைத்தது. காட்டை வெட்டிப் பாதை செய்துகொண்டு சென்ற அவனுடைய படையோடு அவரும் சென்றார். பிடிபட்ட இந்துக் குடிமக்களை, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அவன் கொன்ற விதத்தைக் கண்டார். அதை விவரிக்க நம் பேனா கூசுகிறது.

ஒரு நாள் ஒரு கைதியை அவன் முன் கொண்டுவந்தார்கள். காவலர் கத்தியை உருவக் கண்டதும் இப்னு பதூதா சட்டென்று எழுந்தார். எங்கே போகிறீர் என்று அவன் கேட்க, அஸர் தொழப்போகிறேன் என்று சொல்லி வெளியேறினார். காரணம் புரிந்த அவன் சிரித்தான். தொழுதுவிட்டு வந்தபோது அந்த மனிதர் கைகால் வெட்டுண்டு இரத்தத்தில் கிடந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். பலமுறை ஹஜ்ஜுச் செய்தவர். மார்க்கச் சட்டம் கற்ற காழி. அநீதி கண்முன் நடக்கும்போது தொழுகையைச் சொல்லி விலகிக்கொண்டார். அந்நிய நாட்டில், கொடியவன் கையில் தம் உயிரும் இருந்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் அன்று அவருடைய நாவு பேசவில்லை. அதே சுல்தானோடு சேர்ந்து மாலத்தீவின் மீது படையெடுக்கும் யோசனையிலும் அவர் ஈடுபட்டார். பெரியார்களின் வாழ்வை எழுதும்போது இவற்றை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆனால் பிற்காலத்தில் அவர் மௌனமாக இருக்கவில்லை. ஒரு முஸ்லிம் மன்னன் செய்தான் என்பதற்காக மூடி மறைக்காமல், அதை வெட்கக்கேடான கொடுமை என்றும், வேறெந்த மன்னனும் செய்யக் கண்டதில்லை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவன் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் மகனும் தாயும் இறந்தார்கள், அவனும் இறந்தான்.

இப்னு பதூதாவையும் காய்ச்சல் பற்றியது. மரணம் நெருங்கிவிட்டதென்றே எண்ணினார். அங்கே ஏராளமாகக் கிடைக்கும் புளியை ஒரு ராத்தல் அளவு நீரில் கரைத்துக் குடிக்க அல்லாஹ் அவர் மனத்தில் போட்டான். மூன்று நாட்கள் வயிறு போயிற்று, பிறகு குணமானார். கல்வராயன் மலையிலிருந்து நம் சந்தைக்கு வருகிறதே, அதே புளிதான். அரபியில் அதற்கு இந்தியப் பேரீச்சை என்றே பெயர். நம் மண்ணின் மரமொன்று அவர் உயிரைக் காத்தது. நம் மண்ணின் மக்களுக்கு அவரால் அன்று செய்ய முடிந்தது குறைவு.

வீடு திரும்பிய ஹாஜி

வங்காளம், சுமத்ரா, சீனா கண்டு திரும்பி, 1348இல் டமாஸ்கஸ் வந்தபோது, தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வபாத்தான செய்தி கிடைத்தது. 1349இல் இறுதியாக ஒரு ஹஜ் செய்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மொராக்கோவுக்குள் நுழைந்தபோது, அன்னையும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டதை அறிந்தார். தான்ஜியர் சென்று அன்னையின் கப்ரை ஜியாரத் செய்தார். கண்ணீரோடு அனுப்பியவர்களில் வரவேற்க ஒருவரும் மிஞ்சவில்லை.

அதன் பின்னும் ஸ்பெயினும் மாலி நாடும் சென்று வந்தார். மொராக்கோ சுல்தானின் விருப்பப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதி, 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. கடைசிக் காலத்தில் மொராக்கோவில் காழியாகப் பணியாற்றி, 1368-69ஆம் ஆண்டளவில் வபாத்தானார்.

அன்பிற்குரியவர்களே! மூன்று கண்டங்களையும் அரசர்களையும் கண்டவர், கூடை சுமந்த யதீம்களை மறக்கவில்லை. ஹஜ்ஜின் கிரியைகள் சில நாட்களில் முடிந்துவிடுகின்றன. அமானிதம் காப்பதும், இல்லாதவனுக்கு ரொட்டியில் பாதி தருவதும், அநீதியின் முன் விலகிப்போகாதிருப்பதும் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. முதல் இரண்டை அவர் மக்காவில் கண்டார். மூன்றாவதில் அவரே நம் நாட்டில் தடுமாறினார்.

நம் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எந்த மதத்தவரானாலும், ஹாஜியார் கடை என்று நம்பிச் சாமானை வைத்துவிட்டுப் போகிறார்களா? மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவரும் ஏழைக்கு, ஹாஜியாரின் தராசு நேராக நிற்கிறதா? அண்டை வீட்டு யதீம் பசியோடு படுக்கிறானா? அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு நம் ஹாஜிமார் தரவேண்டிய விடை இவற்றில்தான் இருக்கிறது.

வல்ல நாயன் அல்லாஹ், ஹஜ்ஜுக்குச் செல்லாத நமக்கு அந்தப் பாக்கியத்தையும், சென்று வந்தவர்களுக்கு அதைக் காக்கும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.